வலது கைப் பழக்கமுள்ள அலமாரி

யாசென்ப்ரோத்,
13 மே 2003

அன்புத் தம்பி கமெனுக்கு,

அக்கா வியாரா எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அத்தானும் நலம். உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் காபி குடிப்பதை விட்டாயா இல்லையா?

வீட்டில் தொலைபேசி இருக்கும்போது அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் அத்தான் தோன்சோவுக்குத் தொலைபேசி நிலையத்தில்தான் வேலை என்பது உனக்குத் தெரியும். இந்த ஊரில் எந்த இணைப்பையும் அவர் நினைத்தால் கேட்கலாம். சென்ற வாரம் நான் உன்னிடம் பேசியதை இரவுச் சாப்பாட்டின்போது எனக்கே திருப்பிச் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். இருந்தாலும் இனி நான் அச்சகத்தில் மதிய இடைவேளையில் எழுதுகிறேன். நீயும் அச்சக முகவரிக்கே எழுது.

வேலை எப்போதும்போல. சாவு அறிவிப்புதான் அதிகம். கறுப்புக் கட்டம், நடுவில் படம், கீழே நான்கு வரி. செத்தவர்களுக்கு நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு நிறைவு என்று மறுபடி மறுபடி அடிக்கிறோம். முதலாளி நெத்கா அத்தை, “இந்த ஊர்ல உயிரோட இருக்கறவங்களைவிடச் செத்தவங்கதான் நமக்கு நல்ல வாடிக்கைக்காரங்க” என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரிக் கதவு என் கண்ணில் இடித்துவிட்டது. இடது கண். வீக்கம் பாதி வடிந்துவிட்டது. நேற்று அச்சகத்துக்குப் போனதும் நெத்கா அத்தை இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, “போன வருஷமும் இதே இடது கண்ணு. உங்க வீட்டு அலமாரிக்கு வலது கைப் பழக்கம் போலிருக்கேடி” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

உனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்கும் என்பதால் எழுதினேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ரோஜா ஜாம் ஒரு பாட்டில் அனுப்புகிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா,
வியாரா


சோஃபியா,
2 ஜூன் 2003

அன்புள்ள வியாரா அக்காவுக்கு,

தம்பி கமெனின் வணக்கம். உன் கடிதமும் ஜாமும் வந்தன. வயிறு பரவாயில்லை. அத்தானை விசாரித்ததாகச் சொல். இல்லை, சொல்லாதே, கடிதம் எழுதுகிறாய் என்று தெரிந்துவிடும்!

எனக்கு வேலை உயர்ந்திருக்கிறது. எம்.பி. பலாஷெவின் அலுவலகத்தில் இதுவரை அவருக்கு வரும் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் பேச்சுக்குச் ‘சிரிப்பு’ எழுதித் தருகிறேன். தமாஷ் இல்லை, இது ஒரு தனி வேலை. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். கட்சிக்காரர்களுக்காக அவர் நாடு முழுக்கச் சுற்றப் போகிறார். ஒரு கூட்டத்துக்கு மூன்று சிரிப்பு வேண்டும். ஒன்று பக்கத்து நாட்டைப் பற்றி, ஒன்று எதிர்க்கட்சியைப் பற்றி, ஒன்று பெண்களைப் பற்றி. மூன்றாவது இல்லாவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும் என்கிறார். “ஆம்பளைங்க சிரிக்கணும். பொம்பளைங்க, புருஷன் சிரிக்கறதைப் பார்த்துட்டுச் சிரிக்கணும். அதுதாண்டா கணக்கு” என்பார். ஆள் முரடுதான், ஆனால் மனசு கெட்டவர் இல்லை.

நெத்கா அத்தையின் பேச்சைப் படித்துவிட்டு அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன். அவரைப் போல ஒருவர் பக்கத்தில் இருந்தால் என் வேலை பாதி குறையும். அலமாரிக் கதவின் முனையில் துணி சுற்றி வை.

அன்புடன்,
கமென்


யாசென்ப்ரோத்,
24 ஜூன் 2003

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலமும் வேலையும் நன்றாக இருக்கட்டும். முனையில் துணி சுற்றி வைக்கச் சொல்லியிருந்தாய். சுற்றினேன்.

எங்கள் பின் தெருவில் இருந்த கின்காவை நினைவிருக்கிறதா? பள்ளி உணவுக்கூடத்தில் சூப்பு ஊற்றுவாளே, உனக்கு எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாக. பதினைந்தாம் தேதி செத்துப்போனாள். நிலவறைப் படிக்கட்டில் விழுந்தாளாம். மறுநாள் காலையில் அவள் புருஷன் அறிவிப்பு அடிக்க அச்சகத்துக்கு வந்தான். பெரிய அளவு, தடித்த கட்டம். படம் கேட்டேன். அவன் கொண்டுவந்த படத்தில் அவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

“வேற படம் இல்லையா?” என்றேன்.

“எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கா. அவளுக்கு வெயில் ஆகாது” என்றான்.

கல்யாண மண்டபத்தில் எடுத்த படம், தம்பி. கூரைக்குக் கீழே.

வாசகம் தேர்ந்தெடுக்க எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ‘நீண்ட நோயின் பின்’, ‘திடீரென எம்மைப் பிரிந்த’, ‘ஈடற்ற துணைவி’. அவன் மூன்றாவதை எடுத்தான். நான் அடித்தேன். மதியத்துக்குள் ஊரின் எல்லாக் கதவுகளிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவள் கறுப்புக் கண்ணாடியோடு நின்றாள். எல்லோரும் நின்று படித்தார்கள். படித்துவிட்டுப் போனார்கள். எனக்கும் தெரியும், நெத்கா அத்தைக்கும் தெரியும், கோந்து தடவி ஒட்டியவனுக்கும் தெரியும். எங்கள் பட்டியலில் அதற்கு ஒரு வரி இல்லை.

உன் எம்.பி.யிடம் ஒன்று கேட்பாயா? வீட்டுக்குள் நடக்கிற அடிக்கு ஏதோ சட்டம் வரப்போவதாக வானொலியில் சொன்னார்கள். அது எப்போது வரும்? எனக்காக இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் அக்கா,
வியாரா


சோஃபியா,
30 ஜூலை 2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதம், மன்னித்துக்கொள். ஒரே ஓட்டம்.

கின்கா போனது வருத்தமாக இருக்கிறது. நல்ல பெண்மணி. ஆனால் நீ எல்லாவற்றையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறாய் என்று தோன்றுகிறது. நாள் முழுக்கச் செத்தவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். கொஞ்சம் வெளியே போ, ஆற்றங்கரையில் நட.

சட்டத்தைப் பற்றிக் காரில் போகும்போது அவரிடம் கேட்டேன். “அது வந்தா கன்னத்துல விடற ஒவ்வொரு அறைக்கும் மூணு நகல் எடுத்துச் சீல் வைக்கணும்டா, அவ்வளவு காகிதம் நாட்டுல இல்ல” என்றார். காரில் எல்லோரும் சிரித்தார்கள். கோபப்படாதே, அவர் எதைக் கேட்டாலும் இப்படித்தான். இப்போதைக்கு வராது என்று நினைக்கிறேன்.

நெத்கா அத்தை புதிதாக ஏதாவது சொன்னாரா? சொன்னால் எழுது. நான் அவர் ரசிகன்.

செப்டம்பரில் உங்கள் ஊருக்கும் கூட்டம் வைத்திருக்கிறார்கள். நான் வர முடியாது, இங்கே அடுத்த பேச்சு இருக்கும். நீயும் அத்தானும் போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
கமென்


யாசென்ப்ரோத்,
17 செப்டம்பர் 2003

கமெனுக்கு,

உன் வயிறு நலமாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போனோம். ஊரே குடைமிளகாய் சுடும் புகையில் இருந்தது. நானும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, கை கரியோடு போனேன். சீக்கிரம் கிளம்பு என்று அவசரப்படுத்தினார் உன் அத்தான். “நம்ம மச்சான் எழுதின பேச்சு” என்று பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

எதிர்க்கட்சி ஆனது, பக்கத்து நாடு ஆனது. பிறகு உன் எம்.பி. இப்படிச் சொன்னார்:

“சோஃபியாவுல பொம்பளைங்க எதுக்கெடுத்தாலும் புகார் எழுதறாங்க. உங்க ஊர்ப் பொம்பளைங்க தங்கம். கேட்டா, அலமாரிக் கதவு இடிச்சிருச்சுங்கறாங்க. நானும் விசாரிச்சுப் பார்த்தேன். எல்லாம் இடது கண்ணு. அப்பதான் புரிஞ்சுது, இந்த ஊர் அலமாரிங்களுக்கெல்லாம் வலது கைப் பழக்கம்!”

சதுக்கமே குலுங்கியது. அவர் கை காட்டி அடக்கிவிட்டு, “நேரத்துக்குச் சூப்பு வைங்கம்மா, கதவு தானா சாத்திக்கும்” என்றார். மறுபடி சிரிப்பு. எனக்கு முன்னால் கின்காவின் புருஷன் நின்றிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். முழங்கையில் உன் அத்தானின் பிடி இறுகிக்கொண்டே போனது, அதனால் சிரித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அத்தான் என் முழங்கையை விடவே இல்லை. கதவைச் சாத்திய பிறகு கேட்டார். “அந்த அலமாரிக் கதை யார் சொன்னது அவனுக்கு?”

“எல்லா ஊர்லயும் சொல்றதுதானே” என்றேன்.

“இடது கண்ணு, வலது கை. எல்லா ஊர்லயுமா? நீ ஃபோன்ல சொல்லலை. எனக்குத் தெரியும். அப்ப எழுதியிருக்க.”

கமென், நெத்கா அத்தை அதைச் சொன்னபோது அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். நான் ஓர் ஆளுக்குத்தான் எழுதினேன். உன் எம்.பி.க்கு அது எப்படிப் போனது?

உடனே பதில் போடு. உறைமேல் என் பெயர் வேண்டாம், நெத்கா அத்தையின் பெயரைப் போடு.

வியாரா


சோஃபியா,
22 செப்டம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருக்கிறாய்தானே?

முதலில் ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நகைச்சுவையை நான் எழுதவில்லை. எழுதுகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். அது பழைய சரக்கு. ராணுவத்தில் இருந்தபோதே கேட்டிருக்கிறேன். நெத்கா அத்தையும் எங்கேயாவது கேட்டதைத்தான் சொல்லியிருப்பார். வேண்டுமானால் அவரையே கேள். அதோடு, மற்ற ஊர்களில் இதே பேச்சில் வேறு நகைச்சுவை இருந்தது. உங்கள் ஊரில் இது வந்தது தற்செயல். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கூட்டத்தில் பெண்களும் நன்றாகச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரு நகைச்சுவையால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

அத்தான் கோபமாக இருக்கிறாரா? அவரிடம் நான் ஃபோனில் பேசட்டுமா? அவருக்கு என்மேல் எப்போதும் பிரியம்தான்.

இந்த ஆண்டு குடைமிளகாய்த் துவையல் எனக்கு இரண்டு ஜாடி எடுத்து வை.

அன்புடன்,
கமென்


யாசென்ப்ரோத்,
8 அக்டோபர் 2003

கமென் திராகியெவுக்கு,

அச்சகத்து நெத்கா எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

உன் அக்காவால் எழுத முடியாது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. துவையல் ஜாடிகளை நிலவறைக்கு எடுத்துப்போகும்போது விழுந்ததாக மருத்துவமனைச் சீட்டில் இருக்கிறது. சீட்டு எழுதும்போது தோன்சோ பக்கத்திலேயே நின்றான். உனக்கு வைத்திருந்த இரண்டு ஜாடியும் உடைந்துவிட்டன.

நீ எழுதிய கடிதங்களை அவள் அனுமதியோடு படித்தேன். அந்த வார்த்தையை நான் மே மாதம் பன்னிரண்டாம் தேதி, இந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சொன்னேன். எங்கேயும் கேட்டதில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், வாயில் வந்தது. சிரிக்கச் சொன்னதும் இல்லை. ராணுவம், பழைய சரக்கு என்பதையெல்லாம் நீ வேறு யாரிடமாவது விற்றுக்கொள்.

ஒன்றாம் தேதி தோன்சோ இங்கே வந்தான். “என் பெண்டாட்டிக்கு வர்ற கடிதாசிங்க எங்கே?” என்று மேசை இழுப்பறைகளைத் திறந்தான். “வெளியே போடா, அச்சு மசியை மூஞ்சில ஊத்திருவேன்” என்றேன். வாசலில் நின்று சிரித்தான். “பார்த்து அத்தை, உங்க அச்சகத்துலயும் அலமாரி இருக்கு” என்றான். அன்று மாலைதான் அவள் விழுந்தாள்.

இப்போது என் வீட்டில் இருக்கிறாள். காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவன் பேனாவைத் திறப்பதற்கு முன்பே, “என்னம்மா, அலமாரியா?” என்றான். பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். எழுதிக்கொள்ளவே இல்லை. உன் மூன்றாவது சிரிப்பு நன்றாக வேலை செய்கிறது, தம்பி.

விவாகரத்துக்கு மனு போட்டிருக்கிறாள். டிசம்பர் நான்காம் தேதி விசாரணை. தப்பு அவன்மேல் என்று நீதிமன்றம் சொன்னால் வீடு அவளுக்கு, அவன் வெளியே போக வேண்டும். சொல்லாவிட்டால் அவன் இருப்பான், அவள் போக இடமில்லாமல் அங்கேயே திரும்புவாள். திரும்பினால் அடுத்த அறிவிப்பு நான் யாருக்கு அடிப்பேன் என்று உனக்கே தெரியும்.

அவள் விழவில்லை என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் அவளுக்கு வேலை கொடுப்பவள், என் பேச்சு எடுபடாது என்கிறார் வக்கீல். அடி மே மாதமே நடந்தது என்பதற்கு அன்று அவள் உனக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அது என்ன அடி என்று புரிந்துகொண்ட உறவுக்காரன் நீ இருக்கிறாய். புரியாமலா அதை நகைச்சுவை ஆக்கினாய்?

கடிதத்தோடு வா. நின்று சொல்.

நெத்கா


சோஃபியா,
17 அக்டோபர் 2003

மதிப்புக்குரிய நெத்கா அத்தைக்கு,

நீங்களும் அக்காவும் நலமடைய வேண்டுகிறேன். அக்காவைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி.

உங்கள் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. தேர்தல் இருபத்தாறாம் தேதி. அதுவரை இங்கிருந்து நகர முடியாது. அதற்குப் பிறகு நிச்சயம் யோசிக்கிறேன்.

மே மாதக் கடிதம் என்னிடம் இல்லை. படித்ததும் கிழிக்கச் சொல்லி அக்காவேதான் எழுதியிருந்தாள். கிழித்துவிட்டேன். கையில் காகிதம் இல்லாமல் நான் வந்து என்ன சொல்ல? எம்.பி.யின் பெயர் நீதிமன்றத்தில் வந்தால் விஷயம் அரசியலாகிவிடும், அது அக்காவுக்குத்தான் கெடுதல். அவள் நன்மைக்காகவே சொல்கிறேன்.

சாக்லேட் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கமென் திராகியெவ்


யாசென்ப்ரோத்,
9 நவம்பர் 2003

கமெனுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

உன் கட்சி எங்கள் ஊரில் ஜெயித்துவிட்டது. வாழ்த்து.

உன் அத்தான் வாரம் ஒருமுறை பூ கொண்டுவந்து நெத்கா அத்தையின் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். ரொட்டிக் கடையில் நிற்கும் பெண்கள், “இப்படி ஒரு மனுஷனை விட்டுட்டு வருவாங்களாடி?” என்கிறார்கள். அதில் ஒருத்திக்குப் போன ஆண்டு பல் இரண்டு போனது. அவளும்தான் சொல்கிறாள்.

நீ கிழிக்கவில்லை. ஏழு வயதில் பொறுக்கிய தீப்பெட்டிப் படங்களை இன்னும் வைத்திருப்பவன் நீ. அப்பா உனக்கு எழுதிய ஒரே ஒரு சீட்டை, பால் வாங்கி வா என்ற சீட்டை, வைத்திருப்பவன். என் கடிதத்தை நீ கிழித்திருக்க மாட்டாய். அதில் உனக்குச் சரக்கு வேறு இருந்தது.

நான்காம் தேதி, காலை பத்து மணி. வருகிறாயா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

வியாரா


யாசென்ப்ரோத்,
24 நவம்பர் 2003

அருமை மச்சான் கமெனுக்கு,

தோன்சோவின் அன்பு. நான் நல்ல சுகம், நீயும் சுகமாக இருப்பாய். எப்படி மச்சான் உன் வயிறு? இந்த ஆண்டு பிளம் ராக்கியா சாராயம் அருமையாக வந்திருக்கிறது, நம் பேருந்து ஓட்டுநரிடம் இரண்டு லிட்டர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு மடக்கு குடித்தால் வயிற்றுவலி ஓடிவிடும்.

உன் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். நீ வெளியூரில் என்றார்கள். நல்ல மனிதர்கள். எம்.பி.யிடமே கொடுத்தார்கள்! நான் யார் என்று சொன்னதும், “ஓ, அலமாரிக்காரரா!” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பார், நானும் சிரித்தேன். அவருக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறதே மச்சான். நீ சொல்லியிருப்பாய். பரவாயில்லை, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் கோபம் வந்தது உண்மை. இப்போது ஊரில் எனக்கே ஒரு பெயர் ஆகிவிட்டது.

பெண்கள் இருவரும் சேர்ந்து உன்னை நீதிமன்றத்துக்கு இழுக்கப் பார்ப்பது எனக்குத் தெரியும். நீ வர மாட்டாய் என்றும் தெரியும். புத்திசாலி. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், ஆண்பிள்ளைகள் நாம் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வோம். புத்தாண்டுக்குள் அவள் வீட்டில் இருப்பாள். நிலவறையில் இந்த ஆண்டு முட்டைக்கோஸ் ஊறப்போடக்கூட ஆள் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யச் சொல்லிவிடுகிறேன். இனி கடிதம் எழுதும் தொந்தரவெல்லாம் உனக்கு இருக்காது.

அன்பு அத்தான்,
தோன்சோ


சோஃபியா,
6 டிசம்பர் 2003

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான்காம் தேதி விடியற்காலையில் பேருந்து நிலையத்துக்கு வந்தேன். டிக்கெட் எடுத்தேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. ஏறும் நேரத்தில் கைபேசி அடித்தது. புத்தாண்டுத் தொலைக்காட்சிப் பேச்சுக்கு மூன்று சிரிப்பு, பத்து மணிக்குள் வேண்டும் என்றார்கள். படியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. யாரும் மிரட்டவில்லை. அலுவலகத்துக்குப் போய் மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதைப் படித்துவிட்டு அவர், “அலமாரி அளவுக்கு இல்லடா. உங்க அக்கா வேற ஒண்ணும் எழுதலையா?” என்றார்.

நான் அவரிடம் சொல்லியிருந்தேன், அக்கா. மே மாதமே. காரில் எல்லோருக்கும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று முதுகில் தட்டினார். அதற்குத்தான் எனக்கு வேலை உயர்ந்தது. உங்கள் ஊர்க் கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

இத்துடன் உன் மே மாதக் கடிதத்தை வைத்திருக்கிறேன். என் வாக்குமூலமும் இருக்கிறது, கையெழுத்திட்டு. மேல்முறையீட்டுக்காவது உதவட்டும். நீதிமன்றத்துக்கு மட்டும் காட்டு, போதும்.

கமென்

‘கமென் திராகியெவ் ஆகிய நான், எம்.பி. பலாஷெவுக்குச் சிரிப்பு எழுதித் தருபவன். அலமாரிக்கு வலது கைப் பழக்கம் என்ற நகைச்சுவையை நான் கொடுத்தேன். அதை என் அக்கா வியாராவின் கடிதத்திலிருந்து எடுத்தேன். எடுக்கும்போதே அது அலமாரி இல்லை என்று எனக்குத் தெரியும். அவளை அடித்தது யார் என்றும் தெரியும்.’


19 டிசம்பர் 2003

கமெனுக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. தீர்ப்பு நான்காம் தேதியே ஆகிவிட்டது. இருவர்மீதும் தவறு, விவாகரத்து சரி, வீடு அவருக்கு. நான் படிக்கட்டில் விழுவதை அவருடைய வக்கீல் விவரித்தபோது, பின்வரிசையில் யாரோ ‘அலமாரி’ என்று முணுமுணுத்தார்கள். நீதிபதி குனிந்துகொண்டார். அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. மேல்முறையீடு செய்யலாம், ஓர் ஆண்டு ஆகும் என்கிறார் வக்கீல். அந்த ஓர் ஆண்டு நான் எங்கே இருப்பது என்று அவர் சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி கின்காவுக்கு ஆறு மாதம். அவள் புருஷன் வழக்கம்போல அறிவிப்புக்கு வந்தான். அதே கறுப்புக் கண்ணாடி, அதே ‘ஈடற்ற துணைவி’. நான் இடது கையால் வரிகளைக் கோத்தேன். அது முடிந்ததும் அதே அளவில், அதே கறுப்புக் கட்டத்தில், இன்னொன்று கோத்தேன். உன் வாக்குமூலம். ஒரு சொல்லும் மாற்றவில்லை. நடுவில் உன் படம், ராணுவத்துக்குப் போகும்போது எடுத்தது. உயிரோடு இருப்பவன் படத்தைக் கறுப்புக் கட்டத்தில் போடக்கூடாது என்று நெத்கா அத்தை மூன்று முறை சிலுவைக் குறி போட்டார். போட்டுவிட்டு இயந்திரத்தை ஓட்டினார்.

இருநூறு அடித்தோம். கின்காவின் ஒவ்வோர் அறிவிப்புக்கும் கீழே ஒன்று ஒட்டினோம். கதவுகளில், பேருந்து நிறுத்தத்தில், தேவாலயச் சுவரில், காவல் நிலையத்து மரத்தில். இந்த ஊரில் செய்தித்தாள் வாங்குபவர்கள் குறைவு. கதவு அறிவிப்பைப் படிக்காமல் யாரும் கடந்து போவதில்லை. யார் செத்தது என்று பார்க்க எல்லோரும் நின்றார்கள்.

நீ என் கடிதத்தை என்னைக் கேட்காமல் எடுத்தாய். நான் உன்னுடையதைக் கேட்காமல் எடுத்தேன். நீதிமன்றத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தாய். நான் கிழிக்கச் சொல்லி எழுதியிருந்தேன்.

உன் அத்தான் எங்கள் வாசல் கதவில் இருந்ததைக் கிழித்தார். நெத்கா அத்தை அதே இடத்தில் இரண்டு ஒட்டினார். ரொட்டிக் கடையில் பல் போனவள் வரிசையில் தனக்கு முன்னால் என்னை நிற்கவைத்தாள். காவல் நிலையத்தில் இருந்து ஒருவன் வந்து யார் அனுமதியில் ஒட்டினீர்கள் என்று கேட்டான். இந்த முறை பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டான். மறுநாள் சோஃபியாவில் இருந்து ஒரு பத்திரிகைக்காரர் பேசினார். உன் வேலை போயிருக்கும் என்று நினைக்கிறேன். இன்னும் போகவில்லை என்றால், நீயே விட்டுவிடு.

நான் ஊரைவிட்டு வந்துவிட்டேன். எந்த ஊர் என்று எழுதவில்லை, உன்னை இன்னும் நம்ப முடியவில்லை. இங்கேயும் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கை எலும்பு கூடிக்கொண்டு வருகிறது.

வரும் வழியில் பேருந்து ஓட்டுநர் பக்கத்தில் இருந்தவரிடம் அந்த அலமாரிக் கதையைச் சொன்னார். இவ்வளவு தூரம் அது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அது என் கண்ணு” என்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. பதில் எழுதுவதானால் நெத்கா அத்தைக்கு எழுது. அவர் முதலில் படிப்பார். எனக்குக் கொடுக்கலாமா என்று அவர் முடிவு செய்வார்.

வியாரா